பின்னே தள்ளி வைத்த திகதி

வாப்பா,

இன்று பின்னேரம் உம்மா சாரி மினுக்கினார். தண்ணீர் தெளித்த துணியில் அயனின் சூடு படும்போது எழும் மணம் நாலு மாதங்களுக்குப் பிறகு வீட்டுக்குள் வந்தது. பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகும்போது உடுக்கும் நீலச் சாரி. நீங்கள் போன நாளிலிருந்து உம்மா வெள்ளை மட்டும்தான் உடுத்தார். வெள்ளையை அவர் மினுக்கியதே இல்லை. கழுவி, உதறிக் காயப்போட்டு, கொடியிலிருந்து எடுத்தபடியே உடுத்துக்கொள்வார். அதனால் இந்த மணத்தை நான் மறந்திருந்தேன்.

மணம் வந்ததும் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அழுகை வரவில்லை. இந்த நாலு மாதமாகவே எனக்கு அழுகை வரவில்லை. வந்தது பயம் மட்டும்தான்.

இப்போது எல்லோரும் உறங்குகிறார்கள். நுளம்பு வலைக்குள், போனின் வெளிச்சத்தைக் கையால் பாதி மறைத்துக்கொண்டு, விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். உம்மா புரண்டு படுத்தால் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, மூச்சு சீராகும்வரை காத்திருக்கிறேன். உங்களிடம் முதலில் சொல்லிப் பார்த்தால்தான் நாளைக்கு மற்றவர்களிடம் சொல்ல வாய் வரும்.

அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் பள்ளிவாசல் கொடுத்த கடதாசித் துண்டு ஒட்டியிருக்கிறது. இன்னாருடைய மனைவி இன்னார். கணவர் மௌத்தான திகதி இது. நான்கு பிறைமாதமும் பத்து நாளும் நிறைவாகி இத்தா முடியும் திகதி இது, செவ்வாய்க்கிழமை. கீழே பள்ளியின் முத்திரை. உம்மா இத்தா லீவுக்கு விண்ணப்பித்தபோது அதன் பிரதியைத்தான் பாடசாலைக்கு அனுப்பினோம். அந்தச் செவ்வாய் இன்றுதான். துண்டின்படி, கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் அந்த நாட்கள் முடிந்து, இன்று பொழுது பட்டு மஃரிபோடு உம்மா வெள்ளையைக் களைந்து, நாளைக் காலையில் வீட்டை விட்டு இறங்கலாம்.

அந்தத் துண்டை அச்சிட்டது நான். அது பிழை, வாப்பா. ஒரு நாள் குறைவு.

எங்கே பிழைத்தது என்று சொல்ல நாலு வருடம் பின்னால் போகவேண்டும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கல்முனைக்குடியில் எங்கள் தெருப் பள்ளிவாசலின் கிளாக்கராக நீங்கள் இருந்த அந்தச் சிறிய அறைக்கு, ஓதல் முடிந்ததும் வந்து உங்களுக்காகக் காத்திருப்பேன். அந்தக் கிழமை பழைய கொம்பியூட்டர் அடியோடு நின்றுபோய், நிருவாகத்தார் புதிதாக ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். அது மெல்லியதாக, சத்தமே இல்லாமல் இருந்தது. “உயிர் இரிக்கா இல்லையா எண்டே தெரியுதில்ல” என்றீர்கள்.

உங்களுக்கு வேண்டியிருந்தது பதிவு மென்பொருள் ஒன்றுதான். ஜமாஅத்தின் குடும்பங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. பிறப்பு, நிக்காஹ், மௌத் எல்லாம். பள்ளிக்கு அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் கட்டாருக்குப் போகுமுன் எழுதிக்கொடுத்தது அது. போனவர் திரும்பி வரவில்லை, நம்பரும் மாறிவிட்டது. பழைய டிஸ்க்கிலிருந்து பிரதி பண்ணிய அதைப் புதிய கொம்பியூட்டர் திறக்க மறுத்தது. நீங்கள் அழுத்த அழுத்த ஒரு சிறிய பெட்டி வந்து, இது இங்கே ஓடாது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது.

மோதினார் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன கிளாக்கர், வந்த மருமகள் பழைய சட்டிய அடுப்புல வெக்க விடுறாளில்லயோ?”

“விடுவா. வந்து மூணு நாள்தானே.”

“பேசாமக் கொப்பியில எழுதுங்க. கொப்பிக்குக் கரண்டும் தேவல்ல, கட்டாரும் தேவல்ல.”

“நீங்க போய் பாங்கு சொல்லுங்க மோதினார், நேரமாகிட்டு.”

நான் உங்கள் கதிரைக்குப் பின்னால் நின்று மௌஸைக் கேட்டேன். பாடசாலையில் ஒரு ஆசிரியை காட்டியது நினைவிலிருந்தது. மென்பொருளின் படத்தின் மேல் மௌஸின் வலப்பக்கத்தை அழுத்தி, பழைய காலத்துக் கொம்பியூட்டர் மாதிரியே நடந்துகொள் என்று சொல்லும் இடத்தில் அடையாளம் போட்டேன். திறந்தது. எழுத்தெல்லாம் வாசிக்க முடியாத கோடும் புள்ளியுமாக இருந்தன. பழைய தமிழ் எழுத்துருவையும் தேடி எடுத்துப் போட்டோம். எழுத்து வந்தது. நீங்கள் சிரித்தீர்கள். பிறகு, ஒரு மாமியின் இத்தாத் துண்டுக்காக மௌத்துத் திகதியைப் போட்டு அழுத்தினீர்கள். ‘திகதி எல்லைக்கு வெளியே’ என்று சொல்லி மென்பொருள் தானே மூடிக்கொண்டது. பத்துத் தடவை போட்டோம். பத்துத் தடவையும் மூடிக்கொண்டது.

அதற்கு ஏன் அந்தத் திகதி பிடிக்கவில்லை என்று நாம் யோசிக்கவில்லை. பிடித்த திகதியைக் கொடுத்துவிடலாம் என்றுதான் நான் யோசித்தேன். உங்கள் போனின் கலண்டரைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். இருபத்தெட்டு வருடம் பின்னால் போனால் எல்லாத் திகதிகளும் இதே கிழமைகளில் விழுகின்றன, பெப்ரவரிகூடப் பிசகவில்லை. கொம்பியூட்டரின் திகதியை அந்த வருடத்தில் வைத்தேன், மௌத்துத் திகதியையும் அதே வருடத்தில் போட்டோம். மென்பொருள் திறந்தது, துண்டும் வந்தது. திகதி சரி, கிழமை சரி. வருடத்தை மட்டும் வெள்ளை மையால் மறைத்து மேலே எழுதினீர்கள்.

துண்டின் தலைப்பில் அன்றைய பிறைத் திகதியும் விழுந்திருந்தது. அது பொருந்தவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் வித்தியாசம்.

“இது கெடக்கட்டும் மகள். பிறையை நான் கையால எழுதுறன்.”

அந்த இடத்தில் நாம் இரண்டு பேரும் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும், வாப்பா. கண்ணுக்குத் தெரிந்த பிறையைத் திருத்தினோம். மென்பொருள் உள்ளே எண்ணிக்கொண்டிருந்த பிறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டது ஊரைத்தான். தேத்தண்ணிக் கடையில், மீன் வாங்கும் இடத்தில், கலியாண வீடுகளில், “கொம்பியூட்டருக்கு இருபத்தெட்டு வயசக் குறைச்சவ என்ட மகள்தான், தெரியுமா” என்று கேட்டுக்கொண்டு திரிந்தீர்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. சொல்ல வேண்டாம் என்று உங்களிடம் சொல்லும்படி உம்மாவைக் கேட்டும் பார்த்தேன். “அவருக்கு வேற என்ன சந்தோசம் இரிக்கி, சொல்லிட்டுப் போகட்டும்” என்றார்.

நான் பெரியவளான பிறகு அந்த அறைக்கு வருவதில்லை. நீங்கள் போன் எடுப்பீர்கள்.

“மகள், இது திரும்பவும் இந்த வருசத்துக்கு வந்துட்டு.”

“இன்டர்நெட்டக் கழட்டலயா வாப்பா? அதுதான் திகதிய மாத்துற.”

“மோதினார் பயான் கேக்கப் போட்டிரிக்காரு.”

“கழட்டிட்டு மறுகா திகதியப் போடுங்க.”

“ஓம் ஓம். நீ படி. நான் பின்னுக்குப் போறன்.”

இன்னொரு சிக்கலும் இருந்தது. நிக்காஹ் நடந்த திகதிக்கு முன்னால் ஒருவர் மௌத்தாக முடியாது என்று மென்பொருளுக்குத் தெரியும். திகதியைப் பின்னே வைத்த பிறகு, நிக்காஹ் முடித்து இருபத்தெட்டு வருடம் ஆகாதவர் யார் மௌத்தானாலும் அது பிழை என்றது. அதற்கும் நான்தான் வழி சொன்னேன். நிக்காஹ் திகதியை அழித்துவிட்டுத் துண்டை எடுங்கள், பிறகு திரும்பப் போடுங்கள் என்றேன். தேங்காய் துருவச் சொன்னது போல இலேசாகச் சொன்னேன்.

நீங்கள் போனதற்கு முதல் நாள், மஃரிபுக்குப் பிறகு பிறை கண்டார்கள். புது மாதம் பிறந்ததைப் பள்ளி அறிவித்தல் பலகையில் நீங்கள்தான் எழுதினீர்கள். மறுநாள் காலை பத்து மணியளவில் ஒழுங்கை முனையில் விழுந்தீர்கள். திரீவீலரில் ஏற்றினார்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. பகல் அதே பலகையில், நீங்கள் எழுதியதற்குக் கீழே, மோதினார் உங்கள் பெயரை எழுதினார். மாமா வந்து சொன்னபோது நான் “எந்த நிறச் சோக்கால?” என்று கேட்டேனாம். எனக்கு நினைவில்லை.

ஐந்தாம் நாள் பள்ளியின் தலைவர் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். உம்மாவுக்குத் துண்டு வேண்டும், லீவுக்கு அனுப்ப வேண்டும், அந்தக் கொம்பியூட்டரைத் திறக்க ஊரில் ஆளில்லை. மாமாவோடு போனேன். உங்கள் கதிரையில் இருந்தேன். திகதி இந்த வருடத்துக்கு வந்திருந்தது, பின்னே தள்ளினேன். உங்கள் குடும்பத்தைத் திறந்து மௌத்துத் திகதியைப் போட்டேன். பிழை என்றது. அந்த வருடத்தில் உங்களுக்குப் பதினாறு வயது, என்னுடைய வயது. உங்களுக்கு நிக்காஹ் ஆகியிருக்கவில்லை. உங்களதும் உம்மாவினதும் நிக்காஹ் திகதியை அழித்தேன். ஏற்றுக்கொண்டது. துண்டு வந்தது.

“கெட்டிக்காரப் புள்ள” என்றார் ஹாஜியார்.

நிக்காஹ் திகதியைத் திரும்பப் போட்டேனா என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். போட்டிருந்தேன். அதைச் சரியாகத்தான் செய்தேன்.

போன கிழமை உம்மா கேட்டார். “மகள், இன்னம் எத்தின நாள் இரிக்கி?” துண்டைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். உங்கள் டயறி கையிலிருந்தது. ஒவ்வொரு மாதமும் பள்ளியில் பிறை அறிவித்த நாளை எழுதி வைப்பீர்களே, அந்தச் சின்ன டயறி. நீங்கள் போன பிறகும் நான் அதில் எழுதிக்கொண்டு வந்தேன், வேறொன்றும் செய்யத் தோன்றாததால். நீங்கள் போனது பிறை ஒன்றில், ஆகவே எண்ணுவது இலேசு. முப்பது, முப்பது, இருபத்தொன்பது, முப்பது. மேலே பத்து. நூற்று இருபத்தொன்பது வந்தது. துண்டின்படி நூற்று இருபத்தெட்டு. மூன்று தரம் எண்ணினேன். விரலாலும் எண்ணினேன்.

பிறகு மாமாவின் மடிக்கணினியை வாங்கி, உங்கள் பென் ட்ரைவில் இருந்த மென்பொருளின் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் வெறும் எண்கள், வரிசை வரிசையாக இருபத்தொன்பதும் முப்பதும். கட்டார்க்காரர் வருடா வருடம் எந்தப் பிறைமாதத்துக்கு எத்தனை நாள் என்று போட்டு வைத்திருக்கிறார். நாலு வருடத்துக்கு முந்திய ஒரு மாதத்தோடு அந்த வரிசை முடிகிறது. அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்பதால்தான் மென்பொருள் தன்னை மூடிக்கொண்டது. நான் அதைப் பின்னே தள்ளினேன். அது அந்தப் பழைய வருடத்தின் பிறைகளை எண்ணிக்கொடுத்தது. கிழமைகள் இருபத்தெட்டு வருடத்தில் திரும்பி வருகின்றன. பிறை அப்படி வருவதில்லை.

உங்கள் டயறியில் இந்த நாலு வருடத்தில் கொடுத்த துண்டுகளும் இருந்தன. நான் எழுதிய உம்மாவுடையதோடு ஒன்பது. எல்லாவற்றையும் எண்ணினேன். நாலு சரி. மூன்றில் ஒரு நாள் கூடுதலாக இருந்திருக்கிறார்கள். இரண்டில் குறைவு. ஒன்று உம்மாவுடையது. மற்றது, மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்தவரின் மனைவி. துண்டு முடிந்த மறுநாள் விடியவே அறுவடைக்கு ஆள் பிடிக்கப் போனவர். கணவர் போன பிறகு தனியே செய்த முதல் வெள்ளாமை. அந்த நெல்லில் கொஞ்சம் அரிசியாக்கி நம் வீட்டுக்குக் கொண்டுவந்து, “கிளாக்கர் நாளக் கணக்காச் சொன்னதால வெள்ளாமைய மழைக்கு முந்தி எடுத்துட்டன்” என்று உங்களிடம் சொன்னார். நாங்கள் அந்த அரிசியில் ஆக்கிச் சாப்பிட்டோம்.

ஒரு கிழமை யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். இன்று பின்னேரம் மாமி வந்துவிட்டார், உங்களைக் காக்கா என்று கூப்பிடும் உங்கள் தங்கச்சி. உம்மா குளிப்பதற்கு வாசனை போட்டுத் தண்ணீர் சுட வைத்தார். மினுக்கிய சாரி கட்டிலில் கிடந்தது. மஃரிபுக்கு இன்னும் கால் மணித்தியாலம்கூட இல்லை. நான் உம்மாவை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னேன்.

“ஆரு எண்ணின?”

“நான்தான். மூணு தரம்.”

“துண்டையும் நீதானே அடிச்ச?”

“ஓம்.”

உம்மா டயறியை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு வெளியே போனார்.

“இண்டைக்கு மாத்தல்ல மைனி. தலையிடிக்கிது. நாளைக்குப் பாப்பம்.”

“தலையிடிக்கு வெள்ளச் சீலதான் மருந்தோ? நான் தண்ணியும் சுட வெச்சிட்டன்.”

“அதுல நீங்க குளிங்க.”

“என்ட காக்காவ நெனச்சி அழுறதெண்டா அழுகா, புள்ள. அதுக்குத் தலையிடி எண்டு சொல்லத் தேவல்ல.”

மாமி போன பிறகு உம்மா கதவைச் சாத்தினார்.

“நான் ஒரு நாள் கூடுதலா இரிக்கன். அதுல எனக்கு ஒண்டும் கொறஞ்சி போகா. ஸ்கூலுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுவன். நீ வாயத் திறக்காத.”

“மத்தவங்க, உம்மா?”

“அது முடிஞ்சி. மௌத்தானவர்ட பேர ஊர் வாயில போடாத.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சியது போல இருந்தது. நான் ஓம் என்றேன். அதோடு முடிந்திருக்கும்.

இஷாத் தொழுகைக்குப் பிறகு உம்மாவின் போனுக்கு ஹாஜியார் எடுத்தார். என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“மகள், நாளைக்கி எட்டு மணிக்கிக் கொஞ்சம் வந்துட்டுப் போங்க. நேத்து மௌத்தானவர்ட வீட்டுக்குத் துண்டு குடுக்கணும். பொஞ்சாதி சின்னப் புள்ள, இருபத்தஞ்சி வயசும் இரிக்கா. ஒங்களுக்குத்தான் அது திறக்குது.”

உம்மாவுக்கும் கேட்டது. போனை வைத்ததும் மெல்லச் சொன்னார். “போய் அடிச்சிக் குடு. கையால எண்ணிச் சரியான நாளப் போட்டுரு. ஆருக்கும் தெரியா.”

அதைத்தான் இவ்வளவு நேரமும் யோசித்தேன், வாப்பா. அப்படிச் செய்ய ஏலாது. இனி வரும் நாலு மாதத்தில் எந்தப் பிறை இருபத்தொன்பதில் தெரியும், எது முப்பதில் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கட்டார்க்காரருக்கும் தெரிந்திருக்காது, அவர் போட்டு வைத்ததும் ஒரு மதிப்புத்தான். ஒரு நாளை முன்கூட்டி அச்சடித்து முத்திரை குத்திக் கொடுத்தால் அந்த வீட்டில் யாரும் பிறையை எண்ண மாட்டார்கள். நாமும் எண்ணவில்லையே. அந்த அக்காவின் துண்டில் நான் எந்த நாளைப் போட்டாலும், அது பொய்யாகப் போகலாம் என்று தெரிந்துகொண்டே போடுவதாக இருக்கும். ஒவ்வொரு பிறைக்கும் பள்ளி அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அதை நான் களவாகச் செய்ய முடியாது. பள்ளிதான் செய்ய வேண்டும். பள்ளி செய்வதென்றால் ஏன் என்று கேட்பார்கள்.

மூன்று வரிதான் எழுதியிருக்கிறேன், ஹாஜியாரிடமும் மௌலவியிடமும் கொடுக்க. கொம்பியூட்டரின் திகதியைப் பின்னே வைத்தது நான். அதனால் இந்த ஒன்பது துண்டுகளும் பழைய பிறையில் எண்ணப்பட்டவை. குறைந்த இரண்டு பேரின் விபரம் இது. மாவடிப்பள்ளி மாமி ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா என்று மௌலவிதான் சொல்ல வேண்டும். அவர் அந்த மாமியிடம் போகச் சொன்னால் போவேன். அவர் முகத்தை நினைக்கும்போது மட்டும் எனக்குள் ஏதோ அசைகிறது. மற்ற நேரம் ஒன்றும் இல்லை, மரத்துப்போன கால் மாதிரி.

உங்கள் பெயர் வருமே என்று உம்மா பயப்படுகிறார். நானும் பயந்தேன். பிறகுதான் யோசித்தேன்: இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் அந்த வேலை கிளாக்கரின் மகளுடையது என்றுதான் சொல்வார்கள். நாலு வருடமாக நீங்களே அப்படிச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். கெட்டித்தனத்துக்கென்று கொடுத்தீர்கள். பிழைக்கும் அதே பெயர்தான். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இப்போதைக்கு அதுதான். நான் வைத்துக்கொள்கிறேன்.

உம்மா இப்போது புரண்டு படுத்தார். முகம் இந்தப் பக்கம் இருக்கிறது. விழித்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

நாளைக்கும் அவர் இத்தாவில்தான். வாசலைத் தாண்டி என்னோடு வர முடியாது. எட்டு மணிக்கு நான் போகவேண்டும்.